ஜூன் ஒன்றில் பிறந்த தெரு

விமான நிலையத்தில், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். மகளுக்குப் பிரசவம், பேரனுக்குப் பிறந்தநாள் என்று என் வயதுக்காரர்கள் சொல்லும் பதில் எதுவும் என்னிடம் இல்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன்பு ஒரு பொய் எழுதினேன், அதை எழுதியவன் நான்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்றால் அடுத்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள். "தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது" என்றேன். முத்திரை குத்தினார்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போக மறுத்தன. அறுபது வயதில் இது எனக்குத் தேவையா என்று அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரோக்கியமேரி யார் என்று சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கத்தோலிக்கப் பங்குக் கோயிலை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றேன். மேரி அங்கே படித்தவள். கீழத்தெருப் பெண். பிறகு மதுரையில் நர்ஸிங் படித்து, வளைகுடாவில் சில வருடம் வேலை பார்த்து, அங்கிருந்து நியூஜெர்சிக்கு வந்து, எடிசனில் கணவன் மகளோடு குடியிருக்கிறாள். ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ்.

அந்த இல்லத்தில் ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊழியர்கள் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. நோயாளிகள் முன்னால் பேசாதே என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. இது சாப்பாட்டு அறைக்கும் சேர்த்துப் போட்ட சட்டம். மேரி அங்கிருந்து மகளுக்கு போன் போட்டு "சாப்பிட்டியாடி" என்று கேட்டதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே அறையில் போலந்துக்காரச் சமையல்காரிகள் தங்கள் மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது யார் காதிலும் விழவில்லை. மேரியும் மற்ற நான்கு நர்ஸுகளும் அரசாங்கத்துக்குப் புகார் எழுதினார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வம்புக்குப் போனால் பின்னால் கஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, நான்கு பேரும் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மேரி குடியுரிமை வாங்கிவிடட்டும், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் நாங்களும் போடுகிறோம் என்றார்கள்.

குடியுரிமை நேர்காணலில் கேள்விகளுக்கெல்லாம் அவள் பளிச்சென்று பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அதிகாரி, பிறந்த தேதிக்கு ஏதாவது ஒரு ஆதாரம் காட்டுங்கள் என்றார். நம் ஆட்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு ஃபைல் கொண்டுபோவார்கள் அல்லவா? மார்க் ஷீட்டிலிருந்து அம்மை குத்திய சீட்டு வரை எல்லாம் அதில் இருக்கும். கேட்டது ஒன்று. மேரி மரியாதையாக முழு ஃபைலையும் எடுத்து நீட்டிவிட்டாள். பள்ளிச் சான்றிதழும் இருந்தது, ஞானஸ்நானச் சான்றிதழும் இருந்தது. பள்ளிக் கணக்குப்படி, அவள் பிறப்பதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பே அவளுக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்தது.

"இரண்டில் ஒன்று போலி. எது?" என்று கேட்டாராம் அதிகாரி.

"ரெண்டுமே ஒரிஜினல் சார்" என்றாளாம் இவள்.

வேண்டுமென்றே பொய்த் தேதி கொடுத்தாள் என்று முடிவு செய்தால் குடியுரிமை கிடைக்காது. இருக்கிற கிரீன் கார்டையும் தோண்ட ஆரம்பிப்பார்கள். பள்ளிப் பதிவேட்டில் அந்தத் தேதியை எழுதியது நான்தான் என்று திண்டுக்கல்லில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த முத்திரையை அவர்கள் மதிக்கவில்லை. எழுதிய ஆள் உயிரோடு இருந்தால் வரட்டும் என்று மேரியின் வக்கீல் சொன்னார். உயிரோடுதான் இருக்கிறேன். வந்தேன்.

*

விமான நிலையத்துக்கு மேரியும் மகள் ஷெரினும் வந்திருந்தார்கள். ஷெரினுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும், வாயில் வராது. காரில் ஏறியதும் ஆங்கிலத்தில், "அங்கிள், அம்மாவுக்கு ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்தநாள்னு முடிவு பண்ணது நீங்கதானா? நாங்க வருஷா வருஷம் கேக் வெட்டுறோம்" என்று கேட்டாள்.

"சும்மா இருடி. சார் டயர்டா இருக்காங்க" என்றாள் மேரி.

வீட்டில் மிளகு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். மீன் நம் ஊர் மீன் இல்லை, ருசியும் கொஞ்சம் சப்பைதான்; குழம்பு மட்டும் அசல் நம் பக்கத்துக் குழம்பு. இரண்டாவது தடவை சோறு வாங்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் குடும்பத்தில் ஒருவர் கையால் நான் சாப்பிடுவது இதுதான் முதல் முறை. மேரியின் அம்மா ஞானம்மாள் எங்கள் பள்ளி வளாகத்தை இருபது வருடம் பெருக்கியவள். அவள் வீடு எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பசி, சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போனோம். மேரி நேராக நடந்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். எங்கள் ஊர்க் கோயிலில் கீழத்தெருக்காரர்களுக்கு இடது பக்கச் சிறகு; கல்லறையிலும் தனிப் பக்கம். யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை, ஆனால் தவறிப்போய்கூட ஒருவர் மாறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இங்கே மேரிக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அந்தப் பக்கம் நான். பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கிழவர் அவள் கையைக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

*

திங்கட்கிழமை ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். புடவைக் கடை, நகைக் கடை, மளிகை என்று ஒரு மைல் நீளத்துக்கு இந்தியா. தோசை என்று ஒன்று கொடுத்தார்கள். முழங்கை நீளம், அப்பள மொறுமொறுப்பு. சாம்பாரில் சர்க்கரை. குஜராத்திக்காரர் கடை, அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

பக்கத்து மேசையில் இரண்டு சென்னைப் பையன்கள், கம்ப்யூட்டர் வேலை. மேரியை ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது. அதில் ஒருவன் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு புத்திமதி சொன்னான்.

"ஆன்ட்டி, எதுக்கு இந்த கம்ப்ளெய்ன்ட் எல்லாம்? நம்ம வேலையை நாம பார்த்துட்டு அமைதியா இருந்தா இவங்க நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"லஞ்ச் பிரேக்ல கூட வாயைத் திறக்காதங்கறாங்க தம்பி. இதுக்கு மேல எப்படி அமைதியா இருக்கறது?" என்றாள் மேரி.

அவன் நண்பன் சிரித்துவிட்டான். இவன் சிரிக்கவில்லை. "எங்க கிரீன் கார்டு எல்லாம் இன்னும் லேபர் டிபார்ட்மென்ட்லயே பென்டிங் ஆன்ட்டி. நீங்க ஏதாவது பண்ணப் போய் இந்தியன்ஸ்னாலே ட்ரபிள்னு ஆயிடக் கூடாது" என்றான். உண்மையாகவே பயந்துதான் சொன்னான். எனக்கு அவனைத் திட்ட மனம் வரவில்லை. அமைதியாக இருந்து நானும்தான் ஒரு ஆயுளை ஓட்டியிருக்கிறேன்.

*

செவ்வாய்க்கிழமை, பள்ளி விடுமுறை என்று ஷெரினும் கூட வந்தாள்; வக்கீலைப் பார்க்கப் போகும் வழியில் கார் டயர் பஞ்சர். நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்தினாள். போன வேகத்தில் கார்கள் எங்களை உலுக்கிவிட்டுப் போயின. பின்னால் போலீஸ் வண்டி ஒன்று சிவப்பும் நீலமுமாக விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றது.

நம் ஊரில் ஒரு போலீஸ்காரர் வந்தால் வண்டியில் உட்கார்ந்தபடி பேசுவது மரியாதை இல்லை. இறங்கி நிற்க வேண்டும். நான் இறங்கினேன். இறங்கியதோடு நில்லாமல், விவரம் சொல்லலாமே என்று அவரைப் பார்த்து நடந்தேன். பாக்கெட்டிலிருந்து பாஸ்போர்ட்டை எடுக்கக் கையும் விட்டேன்.

"சார்! உள்ள வாங்க சார்! கையை வெளிய எடுங்க!" என்று மேரி கத்தினாள். அவள் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் விரித்து வைத்திருந்தாள். பின்சீட்டில் ஷெரினும் கையை முழங்கால் மேல் விரித்து வைத்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டும் பிள்ளைகள் மாதிரி. எனக்கு விளங்கவில்லை. போலீஸ்காரரின் கை இடுப்புத் துப்பாக்கியில் இருந்ததைப் பார்த்த பிறகு விளங்கியது. கையை உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றேன்.

இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது அந்தப் பையனுக்கு. அவனும் பயந்துதான் போயிருந்தான். இது யாருடைய கார், நீ யார், இந்த நாட்டுக்கு எப்போது வந்தாய் என்று வரிசையாகக் கேட்டான். கடைசிக் கேள்வியை மேரியிடமும் கேட்டான். டயர் பஞ்சர் ஆனதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. எல்லாம் பார்த்துவிட்டு, அவனே முட்டி போட்டு டயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனைப் பற்றி என்ன நினைப்பது என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

"நீ எங்கே கற்றாய் இதையெல்லாம்?" என்று ஷெரினைக் கேட்டேன்.

"ஸ்கூல்ல, ஃப்ரெண்ட்ஸ் சொல்வாங்க" என்றாள். மற்ற எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள் இதற்கு மட்டும் தமிழில் சொன்னாள்.

வக்கீல் ஒரு கறுப்பின அம்மாள். துணி வெளுக்கும் கடைக்கு மேலே அலுவலகம். சோப்பு வாசனை மாடிப்படி வரை வந்தது. எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை, சான்றளித்த நகலாக, நான் கொண்டுவந்திருந்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"கீழே இருக்கிற எல்லாரும் ஜூன் ஒன்று. ஏன்?"

"அது வழக்கம் அம்மா. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு, ஐந்து வயது முடிகிற மாதிரி ஜூன் ஒன்று போடுவோம்" என்றேன்.

"மேலே இருக்கிற பத்துப் பிள்ளைகளுக்குத் தேதி தெரிந்திருக்கிறதே. இவர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?"

"படிப்பறிவு இல்லாத பெற்றோர்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

பேப்பர் வேலை முடிந்து காபி கொடுத்தார். கழுநீர் மாதிரி இருந்த அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே, அவர் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று பேச்சு வந்தது. அவர் அம்மா அமெரிக்காவின் தெற்கே ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியையாம். ஓட்டுரிமைக்குப் பெயர் பதியப் போனபோது, கறுப்பர்களுக்கென்று வைத்த பரீட்சையாக, சட்டப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் காட்டி எழுதச் சொன்னார்களாம். எழுதினார். கையெழுத்து சரியில்லை என்றார்களாம். அடுத்த வருடம் போனார். அதே பத்தி, அதே கையெழுத்து, அதே பதில். "பரீட்சை வைத்தவனுக்கு என் அம்மாவைவிட எழுத்துப் பிழை அதிகம்" என்று சொல்லிச் சிரித்தார்.

மேரியும் சிரித்தாள். எனக்குக் காபி இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம் வா. பரீட்சையை நடத்துவது நான். கீழத்தெருப் பிள்ளைகள் வந்தால் எங்கள் தலைமை ஆசிரியர் என்னைப் பார்ப்பார். நான் "எட்டலை" என்பேன். எட்டியிருக்கும். சில பிள்ளைகள் காதைத் தாண்டிக் கன்னத்தையே தொடும். "எட்டலை, அடுத்த வருஷம் கூட்டிட்டு வா" என்பேன். மேலத்தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரவைக்க விரும்பவில்லை. அதை எங்களிடம் வந்து சொல்லவேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இருக்கவில்லை.

பிறகு புதிதாக ஒரு பங்குச் சாமியார் வந்தார். ஒரே நாளில் கீழத்தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சேர்க்கச் சொல்லிவிட்டார். ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள். உண்மையான வயதை எழுதினால், இத்தனை வருடம் இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். அதனால் எல்லாருக்கும் ஐந்து வயது என்று போட்டேன். ஒரு தெருவே ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தது.

*

புதன்கிழமை மேரியின் தோழி ஒருத்தி வந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, பெயர் லூர்து. கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களில் ஒருத்தி. ஒரு தட்டு நிறைய சேமியா மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். எலுமிச்சை பிழிந்து சாப்பிடச் சொன்னாள். இந்த நாட்டில் சாப்பிட்டதில் மேரியின் குழம்புக்கு அடுத்து அதுதான் நன்றாக இருந்தது.

லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது; மேரி மாற்றிச் சொன்னாள். "நான் கோழைன்னு நெனைக்காதீங்க. ஊர்ல என் மூணு பிள்ளைங்க பேப்பருக்காக வெயிட் பண்றாங்க. மேரிக்குக் குடியுரிமை கெடைச்சிடுச்சுன்னா, மறுநாளே நான் கையெழுத்துப் போடுவேன். நீங்க நாளைக்கு நல்லா பேசணும்."

நல்லா பேசுகிறேன் என்றேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வழக்கம் என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய்யில்லை, தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். மேரி இருக்கும்போது மற்றதை எப்படிச் சொல்வது? அவள் அப்போது சின்னப் பிள்ளை. கை எட்டவில்லை என்றே இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

*

வியாழக்கிழமை குடியுரிமை அலுவலகத்துக்கு ரயிலில் போனோம். முக்கால் மணி நேரம். அத்தனை பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை மடித்து வைத்துப் படித்தார்கள். ஒருவர்கூட ஒருவரிடம் பேசவில்லை. நம் ஊர் ரயிலாக இருந்தால் இதற்குள் என் ஊர், பேர், பென்ஷன் எல்லாம் கேட்டு முடித்திருப்பார்கள். மேரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதிலை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். செனட்டில் நூறு பேர், உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர்.

காத்திருக்கும் அறையில் இல்லாத தேசம் இல்லை. எல்லார் மடியிலும் ஃபைல். நம் ஆட்களை மட்டும் கேலி செய்தது தப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அதிகாரி பருத்த மனிதர், சளி பிடித்திருந்தது. பேசும்போதெல்லாம் வாயில் இருமல் மிட்டாய் உருண்டது. வக்கீல் அம்மாள் ஓரமாக உட்கார்ந்தார். என்னைக் கை உயர்த்தி, உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பிறகு அதிகாரி ஒரு காகிதத்தைத் தந்து, "ஜூன் ஒன்று" என்று உங்கள் மொழியில் எழுதுங்கள் என்றார். எழுதினேன். பதிவேட்டு நகலைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். என் 'ஜூ' மட்டும் முப்பத்தாறு வருடமாக மாறவே இல்லை.

"சரி, நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஏன்?"

"வழக்கம்" என்றேன்.

"இந்தப் பத்துப் பேருக்கு இல்லாத வழக்கம், இந்தப் பத்தொன்பது பேருக்கு மட்டுமா? பத்தொன்பது பேருக்கும் ஒரே தெருப் பெயர் போட்டிருக்கிறதாமே. ஒரே நாளில் சேர்ந்திருக்கிறார்கள்." மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "ஐயா, எனக்கு ஒரு காரணம் வேண்டும். இல்லாவிட்டால் இந்த அம்மா தன் வயதை மாற்ற உங்களை ஏற்பாடு செய்திருக்கிறார் என்றுதான் நான் எழுத முடியும்."

மேரி ஃபைலின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல், எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைகள் முன்பே வந்தார்கள். நாங்கள் சேர்க்கவில்லை. அதை மறைக்க வயதைக் குறைத்தோம்."

"ஏன் சேர்க்கவில்லை?"

"அவர்கள் தெரு அப்படி."

"அவர்கள் வேறு நிறமா?"

"இல்லை. என் நிறம்தான்."

"வேறு மதமா?"

"ஒரே கோயில்."

"வேறு மொழி?"

"இல்லை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியானால் யார் எவர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றேன். அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. "எல்லாருக்கும் தெரியும்."

"சேர்க்காதே என்று உங்களுக்கு உத்தரவு போட்டது யார்?"

"யாரும் போடவில்லை. நானே செய்தேன்." சொல்லி முடித்ததும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. வக்கீல் அம்மாள் எழுந்து ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி கணக்குப் போட்டார். "எத்தனை வருடம் திருப்பி அனுப்பினீர்கள்?"

"இரண்டு தடவை. ஆறு வயதில் ஒரு தடவை, ஏழு வயதில் ஒரு தடவை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

"சான்றிதழ்களுக்கு நடுவே மூன்று வருடம் இடைவெளி. மீதி ஒரு வருடம்?"

"முதல் வருடம் அவர்கள் கூட்டி வந்திருக்க மாட்டார்கள்" என்றேன். "அந்தப் பக்கத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தாமதமாகத்தான் பள்ளிக்கு அனுப்புவார்கள்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். பிறகு மேரியின் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, பிறந்த தேதியைத் திருத்தி அவளைப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, ஒரு முத்திரையைக் குத்தினார். உறுதிமொழி எடுக்கக் கடிதம் வரும் என்றார். "வாழ்த்துகள்" என்று சொல்லும்போது இருமினார்.

*

வக்கீல் அம்மாள் வேறு வழக்குக்கு ஓட வேண்டியிருந்தது. மேரியைக் கட்டிப்பிடித்துவிட்டு, என்னிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். ரயிலுக்கு நேரம் இருந்தது. எதிரில் ஒரு தள்ளுவண்டியில் மேரி இரண்டு காபியும், உப்புத் தூவிய முறுக்குப் போன்ற ஒரு பெரிய ரொட்டியும் வாங்கினாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்டோபர் வெயில், சூடே இல்லாத வெயில். ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கோ மேரி" என்றேன். வேறு என்ன சொல்வது?

"தெரியும் சார். காது எட்டுச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். கோபம் இல்லை குரலில். களைப்புதான் இருந்தது. கொஞ்ச நேரம் ரொட்டியைத் தின்றாள்.

"ஆனா ஒண்ணு சார். மொத வருஷமும் வந்தோம்."

"எது?"

"அஞ்சு வயசுல. எங்கம்மா தலைக்கு எண்ணெய் வச்சு, ரெட்டைச் சடை போட்டு, புதுச் சிலேட்டு வாங்கிக் கைல குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. கேட்டுக்கிட்ட நீங்கதான் நின்னீங்க. ஒண்ணும் சொல்லல. சும்மா பாத்தீங்க. அம்மா அப்படியே என் கையைப் பிடிச்சுத் திரும்பிட்டாங்க. காதைத் தொடறதுக்குக்கூட உள்ள போகல."

"எனக்கு நினைவே இல்லையேம்மா."

"உங்களுக்கு எப்படி சார் இருக்கும்?"

நான் எழுந்துவிட்டேன். காபி கையில் கொட்டியது. "வா, உள்ளே போவோம். அந்த ஆளிடம் சொல்லித் திருத்தச் சொல்கிறேன்" என்றேன்.

"வேணாம் சார், ஒக்காருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இப்பப் போய் மாத்திச் சொன்னா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க. லூர்து இருக்கா, மத்த பொண்ணுங்க இருக்காங்க. பரவால்ல. எங்கம்மா லேட்டா கூட்டிட்டு வரலைன்னு நீங்க தெரிஞ்சுக்கிட்டா போதும்."

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து மேரி போன் செய்தாள். உறுதிமொழி எடுத்தாயிற்று, லூர்தும் இன்னும் இரண்டு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றாள். பின்னால் ஷெரின் குரல் கேட்டது. சந்தோஷமாக இருந்தது, அதையும் அவளிடம் சொன்னேன். ஆனால் அமெரிக்க அரசாங்கத்தின் கோப்பில், என் கையெழுத்துக்கு மேலே, ஞானம்மாள் தன் பிள்ளையைத் தாமதமாகப் பள்ளிக்கு அனுப்பியவள் என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது.